ஊர் தெரியாத படிகம்

சென்ற ஆண்டு ஒரு பள்ளியின் அறிவியல் கண்காட்சிக்குப் போயிருந்தேன். மின்காந்தம், மண்புழு உரம், எரிமலை மாதிரி என்று வழக்கமான மேசைகள். கடைசி மேசையின் ஓரத்தில் ஒரு கல். கைப்பிடியில் அடங்கும் அளவுதான். அடியில் கறுத்த சாம்பல் நிறப் பாறை; அதன்மேல் நடுவில் இறுகக் கட்டிய நெற்கட்டுகள் போல வெளிர் ரோஜா நிறத்தில் சில படிகங்கள்; அவற்றின் மேல், வெட்டி வைத்தாற்போல் நாற்சதுரமான பச்சைப் படிகங்கள் மூன்று. கூட்டம் முழுவதும் எரிமலை மாதிரியைச் சுற்றி நின்றது. உண்மையான எரிமலையிலிருந்து வந்த கல் ஓரத்தில் தனியாகக் கிடந்தது!

கல்லின் முன்னே இருந்த அட்டையில் ‘அழகிய படிகம்’ என்று எழுதியிருந்தது. வேறொன்றும் இல்லை. காவலுக்கு நின்ற ஒன்பதாம் வகுப்பு மாணவனிடம், “தம்பி, இது எந்த ஊர்க் கல்?” என்று கேட்டேன். “சுற்றுலா போனபோது ஒரு கடையில் வாங்கினோம் சார். இமயமலைக் கல் என்று கடைக்காரர் சொன்னார்” என்றான். அது இமயமலைக் கல் அன்று. கறுத்த பசால்ட் பாறை, அதன்மேல் ஸ்டில்பைட், அதற்கும் மேல் பச்சை அப்போபிலைட். இந்த மூன்றும் இப்படிச் சேர்ந்திருந்தால் அது மகாராஷ்டிரத்துத் தக்காணப் பீடபூமியில் கிடைத்தது என்று கனிமவியல் தெரிந்த எவரும் சொல்லிவிடுவார். ஆனால், தக்காணத்தில் எந்த மாவட்டம், எந்தக் குவாரி, எவ்வளவு ஆழம் என்று கேட்டால் என்னாலும் சொல்ல முடியாது. இனி யாராலும் சொல்ல முடியாது. அந்தச் செய்தி கடைக்காரரின் மேசையிலோ, அதற்கு முன்னால் ஏதோ ஒரு லாரியிலோ தொலைந்து போயிற்று.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஊர்ப்பெயரைத் தொலைத்த படிகம் பாதிப் படிகம்தான். எத்தனை அழகாக இருந்தாலும், எத்தனை விலை கொடுத்து வாங்கியிருந்தாலும், அதில் பாதியை நாம் இழந்துவிட்டோம். விற்பவர்கள், வாங்குபவர்கள், பள்ளி ஆய்வுக்கூடங்கள் என்று எல்லோருமே இந்த விஷயத்தில் அலட்சியமாக இருக்கிறோம்.

“அழகை ரசிக்க ஊர்ப்பெயர் எதற்கு? ரோஜாப்பூவைப் பார்க்கும்போது எந்தத் தோட்டத்துப் பூ என்று கேட்கிறோமா?” என்று சிலர் வாதிடலாம். நியாயமான கேள்விதான். ரோஜாவை அடுத்த ஆண்டும் அதே செடியில் பார்க்கலாம். குவாரியில் உடைத்தெடுத்த குழியை மறுபடியும் பார்க்க முடியாது. எடுத்த அன்றே அது ஜல்லியாகிப் போய்விடும். அந்தக் குழி இருந்ததற்கு இந்தப் படிகமும் அதனுடன் வைத்த சீட்டும் மட்டுமே சாட்சி.

படிகம் என்பது என்ன? அணுக்கள் ஒழுங்கான வரிசைகளில், முப்பரிமாணத்திலும் மாறாத அமைப்பில் அடுக்கப்பட்ட திடப்பொருள். அந்த உள்ளொழுங்குதான் வெளியே வழவழப்பான முகங்களாகவும் கூரிய விளிம்புகளாகவும் தெரிகிறது. டென்மார்க்கைச் சேர்ந்த ஸ்டெனோ 1669-ஆம் ஆண்டு ஒரு முக்கியமான உண்மையை எழுதி வைத்தார். குவார்ட்ஸ் படிகம் சிறியதாக இருக்கலாம், பெரியதாக இருக்கலாம், ஒரு பக்கம் சப்பையாகக்கூட இருக்கலாம். ஆனால் குறிப்பிட்ட இரண்டு முகங்களுக்கு இடையே உள்ள கோணம் மட்டும் மாறுவதில்லை. ஆகவே, ‘நான் யார்’ என்று படிகம் தானே சொல்லிவிடும். கோணத்தை அளந்து பார்க்கலாம், கடினத்தன்மையைச் சோதிக்கலாம், எக்ஸ் கதிரைச் செலுத்திப் பார்க்கலாம். நூறு ஆண்டு கழித்துச் செய்தாலும் அதே விடைதான் வரும். ‘நான் எங்கே பிறந்தேன்’ என்பதை மட்டும் அது தானாகச் சொல்வதில்லை. ஓரளவு ஊகிக்கலாம், அவ்வளவுதான். கல்லைக் கையில் எடுத்த மனிதர் சொன்னால்தான் உண்டு.

கண்காட்சியில் பார்த்த அந்தக் கல்லின் பிறப்பைப் பார்ப்போம். ஏறக்குறைய 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் மேற்கிந்தியாவில் பூமி பிளந்து எரிமலைக் குழம்பு அலை அலையாக வழிந்தது. ஓர் அடுக்கு ஆறியதும் அதன்மேல் இன்னோர் அடுக்கு. இன்று எஞ்சியிருக்கும் பகுதி மட்டுமே சுமார் 5 லட்சம் சதுர கிலோமீட்டர். மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்கத்தில் அதன் கனம் 2 கிலோமீட்டருக்கும் மேல். ஆப்பக் கரண்டியில் ஊற்றிய மாவில் கொப்புளம் எழுவதுபோல, குழம்பில் கரைந்திருந்த வாயுக்கள் வெளியேற முயன்றபோது குழிகள் உண்டாயின. குழம்பு இறுகியபோது குழிகள் அப்படியே நின்றுவிட்டன. கடுகளவுக் குழியும் உண்டு. ஆள் நுழையக்கூடிய குழியும் உண்டு.

படிகங்கள் குழம்பிலிருந்து நேரே பிறந்தவை அல்ல என்பதை இங்கே கவனிக்க வேண்டும். பாறை இறுகிய பிறகு வெந்நீர் அதன் வெடிப்புகளில் புகுந்து, பாறையிலிருந்த சிலிக்கா, கால்சியம், சோடியம், அலுமினியம் முதலியவற்றைக் கரைத்துக்கொண்டு அலைந்தது. வெற்றுக் குழியைக் கண்ட இடத்தில் அவற்றை மெல்ல மெல்லப் படியவிட்டது. எது அடியில் இருக்கிறதோ அது மூத்தது. எது மேலே அமர்ந்திருக்கிறதோ அது இளையது. மாணவன் வைத்திருந்த கல்லில் நெற்கட்டு வடிவ ஸ்டில்பைட் அண்ணன். பச்சை அப்போபிலைட் தம்பி. நீரின் வெப்பமும் அதில் கரைந்திருந்த பொருள்களும் இடையில் மாறிவிட்டன என்பதற்கு அந்த வரிசையே அத்தாட்சி. பச்சைப் படிகம் மட்டும் நன்றாக விலை போகும் என்று அதைத் தனியே பெயர்த்து எடுத்தால் இந்தக் கதை முழுவதும் அழிந்துவிடும். தாய்ப்பாறையோடு உள்ள கல்லை நான் மிக உயர்வாக மதிப்பதற்கு இதுவே காரணம்.

அப்போபிலைட்டை அவசரமாகப் பார்ப்பவர் கனசதுரம் என்று நினைத்துவிடுவார். நானும் முதலில் ஏமாந்தவன்தான். திருப்பித் திருப்பிப் பார்த்தால் மேல்முகமும் கீழ்முகமும் முத்துப்போல மங்கலாக மின்னும். பக்கவாட்டு முகங்கள் கண்ணாடிபோலப் பளிச்சிட்டு, நெடுக்கே மெல்லிய கோடுகளுடன் இருக்கும். எல்லா முகங்களும் ஒன்றுபோல் இல்லாததால் அது உண்மையில் கனசதுரம் ஆகாது. அதன் பச்சை நிறம் எங்கிருந்து வந்தது? மிகச் சிறிய அளவில் கலந்துள்ள வனேடியம் என்ற உலோகத்தால் வந்தது. வனேடியத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மீண்டும் வரும்.

இனிப் பெயர்களுக்கு வருவோம். இந்தக் குடும்பத்துப் பெயர்களில் நெருப்பின் வாடை அடிக்கிறது. 1756-இல் ஸ்வீடன் நாட்டு விஞ்ஞானி குரோன்ஸ்டெட் ஒரு கனிமத்தைச் சுடரில் காட்டினார். அது பொங்கி நுரைத்தது. கொதிக்கும் கல் என்று பொருள்படும் கிரேக்கச் சொற்களைச் சேர்த்து ‘சியோலைட்’ என்று பெயர் வைத்தார். உள்ளே அடைபட்டிருந்த நீர் ஆவியாக வெளியேறியதே அந்தப் பொங்கலுக்குக் காரணம். ஸ்டில்பைட்டும் சியோலைட் வகையைச் சேர்ந்ததே. ஸ்கோலிசைட் என்பது வெள்ளை ஊசிக் கற்றைகளாக வளரும் இன்னொரு சியோலைட். அதன் ஊசியைச் சூடாக்கினால் புழுப்போல் நெளிந்து சுருளும். புழுவைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லே அதன் பெயராயிற்று. பிரெஞ்சு அறிஞர் ஹாய் 1806-இல் ‘அப்போபிலைட்’ என்று பெயரிட்டதும் இவ்வாறே. சூடேறும்போது இதழ் இதழாக உரிவது என்று பொருள். இது சியோலைட் அன்று. ஆனால் அவற்றோடு ஒரே குழியில் குடியிருக்கும் அண்டை வீட்டுக்காரர். எக்ஸ் கதிர்க் கருவி இல்லாத காலத்தில் அந்த அறிஞர்கள் கல்லைச் சுட்டுப் பார்த்தார்கள். கண்டதைப் பெயராக வைத்தார்கள். பெயரைக் கேட்டவுடன் சோதனையும் நினைவுக்கு வந்துவிடும். எனக்கு மிகவும் பிடித்த பெயர்கள் இவையே.

மனிதர்களின் பெயரைக் கொண்ட கனிமங்கள் மீது எனக்கு அவ்வளவு பிரியம் இல்லை. ஒரு மனிதரின் பெயரைப் பெற்ற முதல் கனிமம் என்று பொதுவாகச் சொல்லப்படுவது பிரீனைட். தென்னாப்பிரிக்காவிலிருந்து அதைக் கொண்டுவந்த டச்சு ராணுவ அதிகாரி ஃபான் பிரீன் என்பவரின் பெயரை 1788-இல் ஜெர்மன் அறிஞர் வெர்னர் அதற்குச் சூட்டினார். ஹ்யூலண்டைட் என்பதோ ஹ்யூலண்ட் என்ற கனிம வியாபாரியின் பெயர், 1822-இல் வைத்தது. பிரீனைட்டும் ஹ்யூலண்டைட்டும் நம் தக்காணத்துக் குழிகளிலும் தாராளமாகக் கிடைக்கின்றன. வியாபாரியின் பெயர் பாடப்புத்தகத்தில் நிற்கிறது. உளியும் சம்மட்டியும் பிடித்துக் குழியைத் திறந்தவரின் பெயர் எங்கும் இல்லை. அவர் தெரிவிக்கக்கூடிய ஒரே செய்தி, எந்த இடத்தில் கிடைத்தது என்பது. அதையும் எழுதி வைக்காமல் விட்டால் எப்படி?

இப்போது வனேடியத்துக்குத் திரும்புவோம். அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் கண்டெடுத்த ஒரு நீலக் கனிமத்தை 1973-இல் விஞ்ஞானிகள் விவரித்து, ‘கவன்சைட்’ என்று பெயர் சூட்டினர். கால்சியம், வனேடியம், சிலிக்கேட் ஆகிய மூன்று சொற்களின் முதல் எழுத்துகளைச் சேர்த்துக் கட்டிய பெயர் அது. கட்டிய பெயர்தான், ஆனால் உள்ளே என்ன இருக்கிறது என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறது. ஆரிகனில் கிடைத்தது மிகக் கொஞ்சம். பின்னர், புனே நகருக்கு அருகே வாகோலி என்னும் ஊரின் கல் குவாரிகளில், குறிப்பாக 1980-களின் இறுதியிலிருந்து, உலகமே வியக்கும்படியான கவன்சைட் வெளிவந்தது. வெள்ளை ஸ்டில்பைட்டின்மேல் கடம்பம் பூவை நீலச் சாயத்தில் தோய்த்து வைத்தாற்போன்ற உருண்டைகள்! படத்தில் பார்ப்பவர்கள் யாரோ சாயம் பூசியிருக்கிறார்கள் என்றே எண்ணுவார்கள். அதே சேர்மானத்தில், அணுக்களின் அடுக்கு மட்டும் வேறாக அமைந்த ‘பென்டகோனைட்’ என்ற கனிமமும் வாகோலியில் கிடைத்தது. ஒரே மாவில் இட்லியும் தோசையும் போல என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

ஆரிகனிலும் எரிமலைப் பாறை. வாகோலியிலும் எரிமலைப் பாறை. அந்த வனேடியம் எங்கிருந்து வந்தது, ஏன் சில குழிகளில் மட்டும் சேர்ந்தது என்று ஆராய வேண்டுமானால், எந்தக் குவாரி, எந்த அடுக்கு என்பது தெரிந்தே ஆகவேண்டும். இங்கேதான் வியாபாரம் குறுக்கே நிற்கிறது. உலகத்துச் சேகரிப்புகளில் தக்காணத்துப் படிகங்கள் எத்தனையோ உள்ளன. அவற்றில் பலவற்றின் சீட்டில் ‘புனா, இந்தியா’ என்று மட்டும் எழுதியிருக்கிறது. நாசிக்கில் கிடைத்ததும் புனா. ஜள்காவில் கிடைத்ததும் புனா. அவை கைமாறிய சந்தையின் பெயரே பிறந்த ஊராக எழுதப்பட்டுவிட்டது. நல்ல குழி கிடைத்த இடத்தைப் போட்டியாளர்கள் தெரிந்துகொள்ளக் கூடாது என்று சிலர் வேண்டுமென்றே மாற்றிச் சொல்வதும் உண்டு.

வியாபாரிகளை அடியோடு பழிப்பதும் சரியன்று. 1856 முதல் 1863 வரை போர்காட் மலையில் ரயில் பாதை போட்டபோது குடைந்த சுரங்கங்களிலும் வெட்டுகளிலும் ஏராளமான சியோலைட் படிகங்கள் வெளிப்பட்டன. விவரம் அறிந்தவர்கள் எடுத்து வைத்தவை இங்கிலாந்தின் அருங்காட்சியகங்கள் வரை போய்ச் சேர்ந்தன. மற்றவை கரையிலும் பள்ளத்திலும் கொட்டப்பட்டன. இன்றும் குவாரிக்காரருக்கு வேண்டியது கட்டடத்துக்கும் சாலைக்கும் உதவும் கல். குழி விழுந்த கல் அவருக்கு மட்டமான கல். விலை கொடுக்க ஒருவர் வந்ததால்தான் பல படிகங்கள் கிரஷரின் வாயிலிருந்து தப்பின. அந்த நன்றியை மறக்காமலே, விலைச்சீட்டு எழுதும் கையால் ஊர்ச்சீட்டும் எழுதுங்கள் என்று நாம் கேட்கலாம்.

ஊர்ச்சீட்டு இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன என்பதற்கு இலங்கையின் இரண்டு கற்களை ஒப்பிட்டுப் பார்க்கலாம். இலங்கையின் ரத்தின மணல்களில் கிடைத்த ஒருவகைப் பழுப்பு நிறக் கல்லைப் பல ஆண்டுகளாகப் பெரிடாட் என்றே எல்லோரும் நம்பிவந்தனர். 1952-இல் லண்டன் அருங்காட்சியக விஞ்ஞானிகள் அதைச் சோதித்து, அது முற்றிலும் புதிய கனிமம், மக்னீசியமும் அலுமினியமும் போரானும் சேர்ந்தது என்று கண்டனர். கல் எந்த நாட்டுடையது என்பது முன்பே தெரிந்திருந்தது. ஆகவே அந்தத் தீவின் பழைய சமஸ்கிருதப் பெயரைக் கொண்டு ‘சின்ஹலைட்’ என்று அழைத்தனர்.

இரண்டாவது கல்லின் கதை வேறு. 1945-இல் அயர்லாந்தின் டப்ளின் நகரில் ரிச்சர்ட் டாஃப் என்ற ரத்தின ஆய்வாளர், ஒரு நகைக்கடையில் கிடந்த பழைய கற்களை வாங்கிப் பிரித்துக்கொண்டிருந்தார். ஸ்பினல் என்று நினைத்த ஓர் ஊதா நிறக் கல், சுமார் 1.4 காரட். அதைப் பூதக்கண்ணாடியில் பார்த்தபோது அடிப்பக்க விளிம்புகள் இரட்டையாகத் தெரிந்தன. ஸ்பினலில் அப்படித் தெரியக் கூடாது. அது ஒளிக்கதிரை இரண்டாகப் பிரிப்பதில்லை. லண்டனுக்கு அனுப்பினார். ஆராய்ச்சிக்காகக் கல்லில் ஒரு துண்டை அறுத்தே எடுக்க வேண்டியிருந்தது. பெரிலியம், மக்னீசியம் இரண்டையும் இன்றியமையாத பகுதிகளாகக் கொண்ட முதல் கனிமம் என்று தெரிந்தது. 1951-இல் ‘டாஃபைட்’ என்று பெயரிட்டனர். பட்டை தீட்டிய ரத்தினத்திலிருந்து கண்டுபிடிக்கப்பட்ட முதல் கனிமம் அதுதான். ஆனால் அது எந்த மண்ணில் பிறந்தது? யாருக்கும் தெரியவில்லை. பட்டை தீட்டியபோது இயற்கையான முகங்கள் போயின. கைமாறியபோது ஊர்ப்பெயர் போயிற்று. பிற்காலத்தில் இலங்கை, தான்சானியா, மியான்மர் ஆகிய இடங்களில் டாஃபைட் கிடைத்தது. டப்ளின் கல்லும் இலங்கையிலிருந்து வந்திருக்கக்கூடும். ஆனால் அது ஊகமே. சீட்டு இருந்த கல்லுக்கு நாட்டின் பெயர் கிடைத்தது. சீட்டு இல்லாத கல்லுக்குக் கண்டெடுத்தவரின் பெயர்தான் கிடைத்தது. டாஃபின் கூரிய கண்ணை நான் குறைத்துச் சொல்லவில்லை. அந்தப் பெயருக்கு அவர் முற்றிலும் தகுதியானவர்.

இன்று புதிய கனிமம் ஒன்றைக் கண்டதாகச் சொல்பவர் சர்வதேசக் கனிமவியல் சங்கத்தின் ஒப்புதலைப் பெறவேண்டும். 1958-இல் தொடங்கிய சங்கம் அது. தம் பெயரைத் தாமே வைத்துக்கொள்ள அனுமதி கிடையாது. உயிரோடிருக்கும் மற்றொருவரின் பெயரை வைப்பதானால் அவரது சம்மதம் வேண்டும். ஆராய்ந்த மாதிரிக் கல்லை ஓர் அருங்காட்சியகத்தில் நிரந்தரமாக வைத்தாக வேண்டும். அது கிடைத்த இடத்தையும் குறிப்பிட வேண்டும். ஏறத்தாழ 6,000 கனிமங்கள் இப்படி ஏற்கப்பட்டுள்ளன. விஞ்ஞானிகள் தங்களுக்கு விதித்துக்கொண்ட இந்தக் கட்டுப்பாட்டில் கால்பங்கையாவது நம் பள்ளி அலமாரிகள் பின்பற்றினால் போதும் என்பேன். பல பள்ளிகளில் பார்த்திருக்கிறேன்: அட்டைப் பெட்டியில் பன்னிரண்டு கற்கள், பன்னிரண்டு எண்கள், எண்களுக்குரிய பட்டியல் காணாமற்போய் நெடுங்காலம் ஆகியிருக்கும்.

நம் ஊர்க் கல்லும் இப்படி அடையாளம் இழந்து மீண்ட கதை ஒன்று உண்டு. அது படிகம் அன்று, பாறை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைமீது ஒரு கருங்கல் பலகை இருக்கிறது. கங்கைச் சமவெளியோ வெறும் வண்டல் மண். அங்கே ஏது கருங்கல்? 1893-இல் தாமஸ் ஹாலண்ட் என்ற புவியியலாளர் அதைச் சென்னைக்கு அருகே பரங்கிமலை, பல்லாவரம் பகுதிப் பாறையோடு ஒப்பிட்டு, இரண்டும் ஒன்றே என்று காட்டினார். பாறைக்கு ‘சார்னோக்கைட்’ என்று பெயரும் வைத்தார். உலகெங்கும் இன்று வழங்கும் பெயர் அது. பல்லாவரத்துக் கல்லுக்குக் கல்கத்தாக் கல்லறைக்காரரின் பெயர்! பாறை பெரிதாக மலையாகவே நின்றதால் ஒப்பிட முடிந்தது. குவாரியோடு அழிந்துபோன ஒரு சிறு குழியை எதனோடு ஒப்பிடுவது?

ஆகவே, மாணவ நண்பர்களே, கல் சேர்க்கும் ஆசை உங்களுக்கு இருந்தால், கல்லைத் துடைப்பதற்கு முன் சீட்டை எழுதுங்கள். கிராமம், வட்டம், மாவட்டம், குவாரியா, கிணறா, ஓடையா, கிணறு என்றால் எத்தனை அடி ஆழம், சுற்றிலும் என்ன பாறை, தேதி, கொடுத்தவர் யார். கல்லின் பெயர் தெரியாவிட்டால் அந்த இடத்தை வெறுமையாக விடுங்கள். பிறகு யாரிடமாவது கேட்டு நிரப்பிக்கொள்ளலாம். கல்லின் அடியில் சிறு எண் ஒன்றை அழியாத மையால் எழுதி, அதே எண்ணை ஒரு நோட்டிலும் பதியுங்கள். வேலை நடக்கும் குவாரிக்குள் தனியாக நுழைய வேண்டாம். வெடி வைக்கும் இடம் அது. வெளியே நின்று மேஸ்திரியிடம் கேட்டாலே பல செய்திகள் கிடைக்கும். கடையில் வாங்குவதானால், “எந்த ஊர்க் கல் அண்ணாச்சி?” என்று கேளுங்கள். “தெரியாது” என்று அவர் நேர்மையாகச் சொன்னால் ‘தெரியாது’ என்றே எழுதுங்கள். ‘இமயமலை’ என்று எழுதுவதைவிட அது எவ்வளவோ மேல்.

கண்காட்சி மாணவனிடம் இதையெல்லாம் சொல்ல நேரம் இருக்கவில்லை. கல்லைத் திருப்பி, அடியில் இருந்த கறுத்த பாறையை மட்டும் காட்டினேன். அவன் சிறிது நேரம் அதையே உற்றுப் பார்த்தான். பிறகு அட்டையை எடுத்து, ‘அழகிய படிகம்’ என்பதன் கீழே, ‘தக்காணம், சரியான ஊர் தெரியவில்லை, கடையில் வாங்கியது’ என்று பேனாவால் எழுதி மீண்டும் கல்லின் முன் வைத்தான்.